கசக்காத பியர்

செத்த நாயின் உடம்பு சுட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம். லண்டன் ஆர்ச்வே முருகன் கோவிலில் பூசை முடிந்து, செவன் கிங்ஸில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிய சபாரத்தினம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே "சீனி" என்று கூப்பிட்டார். வழக்கமாக நகங்கள் தரையில் தட்டும் சத்தம் வரும். வரவில்லை.

சீனி சமையலறையில் பின்கதவோடு ஒட்டிப் படுத்திருந்தது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. அவர் குனிந்து அதன் நெற்றியில் கையை வைத்தார். உடனே எடுத்துவிட்டார். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டது போல இருந்தது. மூச்சு இல்லை.

அது அவருடைய மனைவி பாலாம்பிகையின் நாய். போன மாரியில் பாலாம்பிகை இறந்த பிறகு சீனி சாப்பாட்டை வெறுத்துவிட்டது. இறைச்சி வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். பக்கத்து வீட்டுச் செபமாலைமுத்து சுட்டுக் கொடுக்கும் பிஸ்கற் ஒன்றைத்தான் கேட்டுத் தின்னும். அன்றும் அதைத்தான் தின்றது. வேறு எதுவும் இல்லை.

மிருக வைத்தியர் உடம்புச் சூட்டை அளந்து பார்த்துவிட்டு, தின்ற ஏதோ ஒன்று நஞ்சாகியிருக்கிறது என்றார். என்ன நஞ்சு என்று உறுதியாகச் சொல்வதென்றால் உடம்பை அறுத்துப் பார்க்கவேண்டும். சபாரத்தினம் அதற்குச் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மிச்சப் பிஸ்கற்றை எல்லாம் குப்பையில் கொட்டினார். பிறகு பின்வேலிக்கு நடந்தார்.

"என்ன போட்டனீர் அதுக்குள்ளை?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற செபமாலைமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்பவும் போடுறதுதான்," என்றார்.

"எப்பவும் போடுறதைத் திண்டு அது எப்பவும் சாகேல்லையே."

இருவரும் ஒரே காலத்தில் அகதிகளாக வந்தவர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துச் சைவர், மற்றவர் மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கர். ஒருவரையொருவர் "நீர்" என்று மரியாதையோடு கூப்பிட்டுக்கொண்டே ஒரே கோப்பையில் குடிக்கும் சிநேகிதம். அன்றைக்கு அது நின்றது. அடுத்த கிழமை சபாரத்தினத்தின் வாசலில் வீடு விற்பனைக்கு என்ற பலகை நின்றது. பிளேஸ்டோவில் இருக்கும் மகனிடம் போய்விடப் போவதாக அவர் தெருவில் எல்லோரிடமும் சொன்னார்.

*

பிறேமினிக்கு இந்தக் கதை சில கிழமைகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மாதா கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போதுதான் தெரியவந்தது. சொன்னவர் செபமாலைமுத்துவின் மனைவி இசபெல். பிறேமினிக்கு அவர் ஞானத்தாய்.

பிறேமினி கிழக்கு லண்டனில் ஒரு பியர் தொழிற்சாலையின் சுவை அறையில் வேலை செய்கிறாள். கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு தொட்டியையும் ருசித்து, சரி அல்லது பிழை என்று சொல்வது அவள் தொழில். பிழை என்றால் எங்கே, எப்போது, யார் கையால் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையில் அவள் தவறியது குறைவு.

இசபெல் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து நீட்டினார். செபமாலைமுத்து வீட்டில் பியர் காய்ச்சுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வழக்கமாகக் காய்ச்சுவது 'பிற்றர்' என்கிற ஆங்கிலேயரின் கசப்புப் பியர். இந்த முறை ஹொப்ஸை மாற்றியிருக்கிறார்.

ஹொப்ஸ் ஒரு கொடியின் பூ. பியருக்குக் கசப்பைத் தருவது அதுதான். செபமாலைமுத்து எப்போதும் 'கோல்டிங்ஸ்' என்ற சாதியின் காய்ந்த பூவை வாங்கி, சிறு துணியில் முடிந்து பானையில் போடுவார். இந்த முறை கடையில் பூ இல்லை. 'கொலம்பஸ்' என்ற வேறு சாதி இருந்தது. அதுவும் பூவாக இல்லை, பொடித்து அழுத்திய பச்சை உருண்டைகளாக, கோழித்தீன் மாதிரி. அதே நிறையை வாங்கினார்.

"இப்ப இதை என்ன பியர் எண்டு சொல்லுறதெண்டு தெரியேல்லையாம்," என்றார் இசபெல். "குடிச்சுப் பாத்து ஒரு பெயர் சொல்லட்டாம். இன்னும் தான் வாயிலை வைக்கேல்லை, நீ சொன்னாப் பிறகுதானாம்."

பிறேமினி போத்தலை வாங்கிக்கொண்டு நாயைப் பற்றித்தான் கேட்டாள். செத்த பிறகும் உடம்பு சுட்டது என்ற இடத்தில் அவள் தேநீரைக் கீழே வைத்தாள். மனிதனுக்கு உறக்கம் தரும் ஹொப்ஸ் நாய்க்கு ஆகாது. உடம்பை அடுப்பாக்கிக் கொன்றுவிடும்.

இசபெலுக்கும் அது தெரிந்திருந்தது. கணவர் ஹொப்ஸை அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுபவர் என்றார். பிஸ்கற் செய்வது, பியருக்காகத் துணி மூட்டையில் கட்டிப் பானையில் ஊறவைத்துப் பிழிந்த பார்லித் தானியத்தில். அந்தத் தானியத்தை மூட்டையோடு வெளியே எடுத்த பிறகுதான் பானைக்குள் ஹொப்ஸ் போகும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை. இத்தனை காலமும் அப்படித்தான் சுட்டுக் கொடுத்தார், சீனிக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

"இவர் நித்திரை கொள்ளுறேல்லை பிள்ளை. சபா அண்ணை இல்லாத சமையலறையிலை இவருக்கு ஒரு வேலையும் ஓடாது. அந்த மனுசனும் இந்த நிலையிலை வீட்டை வித்துப்போட்டுப் போனால், இரண்டு பேரும் கனநாள் இருக்கமாட்டினம். நீ ஒருக்கா அவரோடை கதைச்சுப் பார்."

*

திங்கட்கிழமை காலை பிறேமினி சுவை அறையில் போத்தலைத் திறந்தாள்.

நிறம் சரி. நல்ல செம்பழுப்பு. நுரை நின்றது. புளிப்பு இல்லை, கெட்ட வாடை இல்லை. ஒரு வாய் குடித்தாள். பாண் ரொட்டியின் கருகிய ஓரத்து ருசி வந்தது. பிறகு மெல்லிய இனிப்பு. கடைசியாக நாக்கின் அடியில் கசப்பு வரவேண்டும். அவள் காத்திருந்தாள். வரவில்லை.

கொலம்பஸ் சாதி கோல்டிங்ஸைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கசக்கும். அதே நிறை போட்டிருந்தால் முகம் கோணியிருக்கவேண்டும். இதை பிற்றர் என்று சொல்லவே முடியாது. 'பேல் ஏல்' என்கிற வெளிர்நிறப் பியரும் இல்லை. 'மைல்ட்' என்கிற சாதுவான பியருக்கு நிறத்தில் கிட்ட வருகிறது. ஆனால் மைல்ட்டிலும் கொஞ்சம் கசப்பு இருக்கும். இது ஹொப்ஸ் என்ற பூ இங்கிலாந்துக்கு வருமுன் இந்த நாட்டவர்கள் குடித்த ஏல் மாதிரி இருந்தது.

ஆனால் மூக்கு வேறு சொன்னது. மிக அடியில், பிசின் போன்ற ஒரு மணம். கொலம்பஸ்தான். பூ வந்து போயிருக்கிறது, தங்கவில்லை.

அவள் யோசித்தாள். கசப்பு என்பது நீண்ட நேரம் கொதிக்கக் கொதிக்கத்தான் பூவிலிருந்து இறங்கும். கொதித்து முடியும் நேரத்தில் போட்டால் கசப்புக் குறையும், ஆனால் மணம் தூக்கியடிக்கும். ஆறிய பிறகு போட்டாலும் அப்படியே. இங்கே கசப்பும் இல்லை, மணமும் ஒரு நூல்தான். கருவியில் வைத்து அளந்து பார்த்தாள். கருவியும் நாக்குச் சொன்னதையே சொன்னது.

புதன்கிழமை இசபெல் தொலைபேசியில் வந்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார். செபமாலைமுத்து முதல்நாள் பொறுக்கமாட்டாமல் ஒரு போத்தலைத் திறந்து ஒரு வாய் குடித்தாராம். பிறகு எழுந்து எல்லாப் போத்தலையும் ஒவ்வொன்றாகத் திறந்து கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றிவிட்டாராம். பிறேமினியிடம் கொடுத்ததையும் திருப்பி வாங்கிவரச் சொல்கிறாராம்.

"பழுதாப் போச்சாம். நீ குடிக்கவேண்டாமாம்."

பியர் பழுதாகவில்லை. அது பிறேமினிக்குத் தெரியும். பழுதாகாத ஒன்றை ஒரு மனிதன் கடைசித் துளிவரை ஊற்றுகிறான் என்றால் எதையோ மறைக்கிறான். அவளுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. சிறுவயதிலிருந்து தெரிந்த மனிதரை அப்படி நினைக்கவேண்டி வந்ததற்காக மாதாவிடம் மன்னிப்புக் கேட்டாள். ஆனாலும் நினைத்தாள்.

*

சனிக்கிழமை காலை. முதலில் சபாரத்தினத்தின் வீடு.

அவர் அவளை இருத்திவிட்டு, வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தேநீர் போட்டுவந்தார். பாலாம்பிகை இருந்தவரை அவர் அடுப்படிக்குப் போனதில்லை. இப்போதுதான் பழகுகிறார். தேநீரில் தேயிலை மிதந்தது. சாயம் இறங்கவில்லை, பால் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீராக இருந்தது. பிறேமினி நன்றி சொல்லி முழுவதையும் குடித்தாள்.

"அண்டைக்கு எத்தினை பிஸ்கற் திண்டது அங்கிள்?"

"கேக்கக் கேக்கக் குடுத்தன். பாலா போனாப் பிறகு அது வாலாட்டிக் கேட்ட ஒரே சாமான். எண்ணிக் குடுக்க மனம் வருமோ?"

"வைத்தியர் என்ன நஞ்செண்டவர்?"

"நத்தைக்குப் போடுற மருந்து, சொக்லேற், ஏதோ பூ எண்டு ஒரு வரிசை சொன்னவர். நஞ்செண்ட சொல்லுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"சீனி போக முந்தின புதன்கிழமை பியர் காய்ச்சேக்கை நீங்களும் அங்கைதானே?"

"பின்னை? ஒவ்வொரு முறையும் நான்தானே பேச்சுத்துணை." அவர் கசப்போடு சிரித்தார். அன்றைக்கு நடந்ததை அவரே சொன்னார். தானியம் பானையில் ஊறிக்கொண்டிருந்தபோது, முத்துவின் தங்கை மன்னாரிலிருந்து தொலைபேசி எடுத்தார். உள்ளே சிக்னல் கிடைக்காது. முத்து வாசலுக்குப் போய்விட்டார். போகும்போது வேலையை இவரிடம் ஒப்படைத்தார். "நேரம் வைச்ச மணி அடிக்க மூட்டையைத் தூக்கச் சொன்னவர், தூக்கினன். தண்ணி சுட்டவுடனை உருண்டையைப் போடச் சொன்னவர், போட்டன். அவருக்கு அவ்வளவும் செய்து குடுத்த எனக்கு அவர் செய்த கைம்மாறைப் பார். அவர் காய்ச்சினார், என்ரை நாய்க்குக் காய்ச்சல் வந்தது."

பிறேமினி வெற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் நஞ்சு வைச்சிருப்பார் எண்டு நீங்கள் மெய்யாவே நம்புறியளோ?"

சபாரத்தினம் சன்னல் பக்கம் திரும்பினார். சன்னலுக்கு வெளியே விற்பனைப் பலகையின் முதுகு தெரிந்தது.

"நம்பேலாமல்தான் பிள்ளை கிடந்து சாகிறன். பாலாவின்ரை பெட்டிக்குத் தோள் குடுத்த மனுசன். அவரில்லாட்டி வேறை ஆர்? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லு. நான் போய் அவற்றை காலிலை விழுறன். ஆரெண்டாலும் எனக்கு மறைக்காதை."

அவள் மறைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டும்போது நின்றாள். வாய்க்குள் அந்தத் தேநீரின் ருசி இன்னும் இருந்தது. தேயிலை இருந்தது, சாயம் இல்லை. பூ இருந்தது, கசப்பு இல்லை.

அந்த வாக்கைக் கொடுத்திருக்கக்கூடாது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

*

செபமாலைமுத்து கதவைத் திறந்ததும் போத்தலைத்தான் கேட்டார். முகம் மெலிந்திருந்தது. சமையலறையில் இசபெல் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் ஊத்தினீங்கள் அங்கிள்?"

"புளிச்சுப் போச்சு."

"என்னட்டை இருக்கிறது புளிக்கேல்லை."

அவர் சமையலறை மேசைக்கு அருகே போய் அமர்ந்தார்.

"ஹொப்ஸை ஆர் போட்டது?"

"நான்."

"தங்கச்சி போனிலை நிண்டவ."

"முடிச்சிட்டு வந்து போட்டனான்." பதில் மிக வேகமாக வந்தது.

பிறேமினி இசபெலின் பக்கம் திரும்பினாள். "அன்ரி, அண்டைக்குப் பானையைக் கழுவினது நீங்களோ?"

"நான்தான். இந்த முறை லேசாய்ப் போச்சு. அடியிலை ஒண்டும் ஒட்டேல்லை. மூட்டைத் துணிதான் வெளுக்குதில்லை. இவற்றை பழைய வேட்டியிலை நான் தைச்ச துணி, முந்தி நல்ல வெள்ளை. இப்ப பச்சை ஏறிப்போய்க் கிடக்குது, பார்."

செபமாலைமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, வாசலில் தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கும்படி மனைவியிடம் சொன்னார். இசபெல் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

பிறேமினி அவருக்கு எதிரே இருந்தாள். குற்றவாளியைப் பிடித்த மகிழ்ச்சி அவள் குரலில் இல்லை.

"உருண்டையைக் கொதிக்கிற பானைக்குள்ளை போட்டால் அது கரைஞ்சு பச்சைச் சேறாய் அடியிலை கிடக்கும். கழுவினாலும் லேசிலை போகாது. ஆனால் உங்கடை பானை சுத்தமாய் இருந்திருக்குது, துணிதான் பச்சை. எண்டால் உருண்டை துணிக்குள்ளை போயிருக்குது, தானியத்துக்கு மேலை. மூட்டை தூக்க முந்தியே போட்டிருக்குது. அந்தத் தண்ணி சுடும், கொதியாது. கொதியாட்டிக் கசப்பு இறங்காது. கடையிலை விக்கிற வலைப்பை எண்டால் பொடி வலைக்கண்ணுக்குள்ளாலை ஒழுகிப் பானைக்கு வந்திருக்கும், பிறகு கொதிச்சுக் கசந்திருக்கும். உங்கடை வேட்டித் துணி நெருங்கின நெசவு. ஒண்டையும் விடேல்லை. மூட்டையைத் தூக்கேக்கை கசப்பு முழுக்கத் தானியத்தோடை வெளியிலை போயிட்டுது. அந்தத் தானியத்திலைதான் நீங்கள் அடுத்தநாள் பிஸ்கற் சுட்டனீங்கள்."

அவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"நீங்களே போட்டிருந்தால் மூட்டை உள்ளை இருக்கேக்கை போட்டிருக்க மாட்டியள். உங்களுக்கு அது கை பழகின வேலை. போட்டது சபா அங்கிள். நீங்கள் தண்ணி சுட்டவுடனை போடச் சொன்னனீங்கள். உங்கடை வீட்டிலை தண்ணி சுட்டுது எண்டால் கொதிச்சுது எண்டு அர்த்தம். அவர் அடுப்படி அறியாத மனுசன். அவருக்குச் சுட்டது எண்டால் கை பொறுக்காட்டிச் சரி. இப்பதான் அவர் எனக்குத் தேத்தண்ணி தந்தவர். கொதியாத தண்ணியிலை."



"எனக்கும் அதைக் குடிக்கும் வரைக்கும் தெரியாது பிள்ளை," என்றார் செபமாலைமுத்து. "நான் உள்ளை வரேக்கை மூட்டை வெளியிலை கிடந்தது, பானை கொதிச்சுக்கொண்டிருந்தது. போட்டீரோ எண்டன். போட்டாச்சு, தண்ணி முந்தியே சுட்டுத்தான் இருந்தது, உமக்கு நேரம் மிச்சம் எண்டு சிரிச்சவர். பகிடி எண்டு நினைச்சன். செவ்வாய்க்கிழமை அந்தப் பியரை வாயிலை வைக்கக் கசக்கேல்லை. அப்பதான் அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கினது."

"அதுதான் ஊத்தினீங்களோ?"

"நீ கெட்டிக்காரி. ருசிச்சால் கண்டுபிடிப்பாய் எண்டு பயந்தன்." அவர் நிமிர்ந்தார். "சபாவுக்குச் சொல்லாதை. தன்ரை கையாலை போட்டு, தன்ரை கையாலை ஊட்டினது எண்டு தெரிஞ்சால் அந்த மனுசன் தாங்காது. முத்துதான் கவலையீனமாய்க் கலந்துபோட்டான், அவன்ரை பிழை எண்டு சொல்லு. நஞ்சு வைச்சவன் எண்டதைவிட அது குறைவுதானே. அதோடை போகட்டும்."

"அவர் வீட்டை வித்துக்கொண்டு போறார் அங்கிள். உங்களிலை கோவிச்சுக்கொண்டு."

"கோவத்தோடை போகட்டும். குற்றத்தோடை போகவேண்டாம்."

*

இரண்டு வாசல்களுக்கும் இடையில் பத்தடி தூரம்கூட இல்லை. அந்த இடத்தில் பிறேமினி நின்றாள். பொய் சொல்வது பாவம் என்று அவளுக்குச் சிறுவயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உண்மையைக் கல்லைப்போல எறிவதும் பாவம்தான் என்பதை அவள் வளர்ந்த பிறகு தானாக அறிந்திருந்தாள். நன்மை செய்ய நினைத்த இரண்டு பேர். ஒருவர் நாய்க்குப் பிஸ்கற் சுட்டார், மற்றவர் சிநேகிதனின் வேலைக்குக் கைகொடுத்தார். இரண்டு உதவியும் ஒரு மூட்டைக்குள் சந்தித்து ஓர் உயிரைக் கொன்றுவிட்டன. அதற்காக இனி யாரும் யாருக்கும் உதவக்கூடாது என்று ஆகிவிடாது என்று அவள் நம்பினாள். அன்றைக்கு நம்புவது கடினமாக இருந்தது. ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள். மணியை அடித்தாள்.

சபாரத்தினம் நின்றபடியே கேட்டார். யாரும் நஞ்சு வைக்கவில்லை என்றாள். வைத்தியர் சொன்ன அந்த ஏதோ பூ ஹொப்ஸ்தான், அது தானியத்துக்குள் தவறிப்போய்க் கலந்திருந்தது, பிஸ்கற் சுட்டவருக்கு அது தெரியாது என்றாள். அவள் எதையும் பொய்யாகச் சொல்லவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, மெதுவாக வைத்தாள்.

அவருடைய தோள்கள் இறங்கின. "அப்ப முத்து வைக்கேல்லை," என்றார். அதையே இன்னொருமுறை சொன்னார். பிறகு கேட்டார்.

"எப்பிடிக் கலந்தது?"

"தன்ரை பிழை எண்டு சொல்லச் சொன்னவர்."

சபாரத்தினம் நாற்பது வருடம் கணக்காளராக இருந்தவர். சொல்லுக்கும் சொல்லச் சொன்னதுக்கும் இடையில் இருக்கும் வெளி அவர் காதில் விழாமல் போகாது.

"சொல்லச் சொன்னவரோ?"

பிறேமினி தலையைக் குனிந்தாள்.

"ஆர் பிள்ளை கலந்தது?"

அவள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவருடைய கைகளைப் பார்த்தாள். வலது கை மெல்ல உயர்ந்தது. விரல்கள் குவிந்து, எதையோ பிடித்திருப்பதுபோல நின்று, கீழ்நோக்கி விரிந்தன. அந்தக் கை அந்தப் புதன்கிழமையைத் திரும்பச் செய்து பார்த்தது.

"மூட்டை உள்ளைதான் இருந்தது," என்றார் சபாரத்தினம். "நான் போடேக்கை மூட்டை உள்ளைதான் இருந்தது."

அவர் சப்பாத்துப் போடாமல் வெளியே நடந்தார்.

*

இசபெல் கதவைத் திறந்தார். சபாரத்தினம் அவரைத் தாண்டிச் சமையலறை வாசலுக்குப் போய் நின்றார். பிறேமினி பின்னால் வந்து நடையிலேயே நின்றுவிட்டாள். செபமாலைமுத்து எழுந்தார்.

"நான்தான் போட்டனான்," என்றார் சபாரத்தினம்.

"சொன்னது நான். விளங்கச் சொல்லேல்லை."

"என்ரை கையாலைதான் குடுத்தனான். ஒவ்வொண்டா."

"சுட்டது நான்." செபமாலைமுத்து மேசையைப் பிடித்துக்கொண்டார். "துணியைப் பிழியேக்கை பச்சையைக் கண்டனான் சபா. கண்ணாலை கண்டனான். புது ஹொப்ஸின்ரை சாயம் எங்கையோ பட்டிட்டுது எண்டு விட்டிட்டன். நிண்டு ஒருக்காப் பாத்திருந்தால் போதும். அதாலை அது என்ரை பிழைதான், நான் பொய் சொல்லச் சொல்லேல்லை."

"உம்மைக் கொலைகாரன் எண்டு தெருவெல்லாம் சொன்னனான்."



"இவ்வளவு நாளும் நீர், நீர் எண்டு அடிபட்டியள்," என்றார் இசபெல் மெல்ல. "இப்ப நான், நான் எண்டு."

சபாரத்தினத்துக்கு அது கேட்கவில்லை. "உமக்கு முந்தியே தெரியும். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி?" என்றார் செபமாலைமுத்து. "பாலாவும் இல்லை. சீனியும் இல்லை. கோவிக்கிறதுக்காவது உமக்கு ஒரு ஆள் இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

பாலாம்பிகையின் செத்தவீட்டில் சபாரத்தினம் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். சீனியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போன அன்றும் அழவில்லை. இப்போது சிநேகிதனின் சமையலறையில், வெறுங்காலோடு, வாசல் நிலையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதார். செபமாலைமுத்து கிட்டப் போய் அவர் முதுகில் கையை வைத்தார். கையை எடுக்கவில்லை.

இசபெல் அடுப்பை அணைத்தார். பிறேமினி சத்தம் வராமல் தெருக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.